ஐரீனும் தூங்குமூஞ்சிகளும்

திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் சந்தின் கடைசியில் ஷாகுல் ஹமீதின் கிடங்கு இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போனால், ஐரீன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே மெல்ல நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மெல்ல நடக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு லாரி போகும்போதும் சுவர் அதிரும். கூரைத் தகடு கிடுகிடுக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு பெண்ணின் காலடி யாருக்குக் கேட்கும்? ஆனாலும் அவள் அப்படித்தான் நடப்பாள். உள்ளே பலர் தூங்குகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

எண்ணம் தப்பில்லை. மரப்பலகைகளின் மேல் அடுக்கியிருக்கும் பொட்டலங்களில் இருப்பது இறால் குட்டைகளுக்குப் போடும் நல்ல பாக்டீரியா. பார்வைக்கு வறுத்த மாவு மாதிரி, தவிட்டு நிறத் தூள். ஈரமும் இல்லை, தீனியும் இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் தங்களைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உறங்குகின்றன. வெல்லம் கரைத்த தண்ணீரில் போட்டுக் காற்றும் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், பொழுது விடிவதற்குள் டிரம் முழுக்க அவைதான். குட்டையில் விட்டால் அடியில் படியும் இறால் கழிவையும் மிச்சத் தீனியையும் தின்று தீர்க்கும். மண் கறுக்காது, தண்ணீர் நாறாது, இறால் நிம்மதியாக மூச்சுவிடும்.

ஆனால் கிடங்கிலேயே விழித்துவிட்டால் தின்ன ஒன்றும் இருக்காது. விழித்தவை பசியில் செத்துப்போகும். குட்டைக்காரர் கைக்குப் போகும்வரை அவை விழிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஐரீனின் வேலை.

சுவரின் ஈரம் ஏறாமலிருக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட்டிருப்பாள். மேற்கு ஜன்னல் வெயில் நகர நகர சாக்குத் திரையையும் நகர்த்துவாள். சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும்கூட அதே கிடங்கின் சரக்குதான். அவற்றுக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி அறை. அந்த அறைக்குப் போன கையோடு இந்தப் பக்கம் வரமாட்டாள். பொட்டலம் பிரிக்கும்போது கையுறை மாட்டி, மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்வாள். நல்ல உயிர்தான் என்றாலும் நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்க வேண்டியதில்லை. அள்ளுவதற்கு நன்றாகக் காய்ந்த கரண்டி. அள்ளியபின் பொட்டலத்தின் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிடுவாள். கொஞ்சம் சிந்தினாலும் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பமாட்டாள். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பாள். சாப்பாட்டு டப்பா இந்தப் பக்கமே வராது.

"இன்னாமே, ஒன் தூங்குமூஞ்சிங்கோ இன்னா சொல்லுதுங்கோ?" என்பான் அவள் புருஷன் ஜோபின், சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வரும்போது. காசிமேட்டில் மீன்பெட்டி கழுவுகிறவன். மீன்பிடி லாஞ்சு வந்து ஏலம் முடிந்ததும் அவன் வேலை தொடங்கும். கழுவிய பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதன்மேல் ஈ உட்காராது என்று பெயர் வாங்கியவன்.

"கம்முனு பேசுய்யா, முழிச்சிக்கப் போவுது."

"ஊட்ல என்னைத் தூங்க வுடமாட்ற. இங்க வந்து இதுங்களுக்குத் தாலாட்டு."

"நீ முழிச்சாலும் ஒண்ணுதான், தூங்கினாலும் ஒண்ணுதான். இதுங்க முழிச்சா வேல செய்யும்."

ஐரீன் ராயபுரத்துக்காரி. பள்ளிக்கூடம் முடித்த வருஷமே இறால் உரிக்கும் ஷெட்டில் சேர்ந்தவள். அந்த ஷெட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் குளோரின் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்க வேண்டும். பிறகு குளோரின் தண்ணீரில் கையை முக்க வேண்டும். உரிக்கிற நேரத்திலும் மணி அடித்தால் மறுபடி கை முக்க வேண்டும். மேசையும் தரையும் தட்டும் கத்தியும் எல்லாம் அதே தண்ணீரில் குளிக்கும். கிருமி என்று ஒன்று அந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு திரும்பி வந்துவிடும். ஐரீனின் விரல்கள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பவுடர் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்து வரும். அவளுக்கு மட்டும் அது தெரியாது. வருஷங்கள் போகப் போக அவள் மூக்குக்குக் குளோரின் ஒரு வாசனையாகவே இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் என்றாலே அவளுக்கு அந்த வாசனைதான்.

விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணானபோது, அந்த ஷெட்டுக்கு ப்ளீச்சிங் பவுடர் சப்ளை செய்துவந்த ஷாகுல் ஹமீது அவளைத் தன் கிடங்குக்கு அழைத்துக்கொண்டார். வண்ணாரப்பேட்டைக்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு காலையில் ஐரீன் வாளி நிறைய பினாயில் கரைத்து, பலகை பலகையாகத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐரீன்மா, நாம விக்கிறதே கிருமிதாம்மா. சரக்கையே தொடச்சி ஊத்துனா அப்பறம் வாடிக்கைக்கு இன்னாத்த குடுக்குறது?"

அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கை பழகக் காலம் பிடித்தது. ஷெட்டில் சுத்தம் என்றால் ஒன்றும் உயிரோடு இல்லாதது. இங்கே சுத்தம் என்றால் இருக்க வேண்டியது மட்டும் உயிரோடு இருப்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். காலையில் குளித்துக் கிளம்பும்போது முதல் அர்த்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர அவள் பழகிக்கொண்டாள்.

அந்தக் கிடங்கில்தான் அவளுக்குப் பகற்கனவும் பழகியது. சாக்குத் திரை வழியே வரும் வெயில் தரையில் கோதுமை நிறத்தில் கிடக்கும். கடற்காற்று தகட்டின் ஓட்டையில் நுழைந்து ஊதும். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தால் காசிமேட்டு மணல் தெரியும். மணல் முழுக்க ஆட்கள் படுத்திருப்பார்கள். கண் எட்டும் வரைக்கும் ஆட்கள். ஒவ்வொருவர் மேலும் ஒரு வலை போர்த்தியிருக்கும். யார் முகமும் தெரியாது. மூச்சு மட்டும் வலையை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தும். அவள் ஒருத்திதான் நடப்பாள். யார் மேலும் கால் படாமல், ஒருவரையும் எழுப்பாமல், அலை வரைக்கும் போக வேண்டும். ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்குள் ஏதாவது லாரி ஹாரன் அடித்துவிடும்.

அந்த ஐப்பசியில் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. கூரைத் தகட்டில் புதிதாக ஒரு ஓட்டை விழுந்து, ஐரீன் விடுமுறையில் இருந்த நாளில் மிஞ்சியிருந்த ஒரே அடுக்கும் முழுக்க நனைந்துவிட்டது. அவள் வந்து பார்த்தபோது பொட்டலங்கள் தலையணை மாதிரி உப்பியிருந்தன. உள்ளே விழித்து, மூச்சுவிட்டு, அப்புறம் அடங்கிப்போயிருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தாள். நல்லவை என்று மிஞ்சியது ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது. நெல்லூரிலிருந்து வர வேண்டிய லோடு, வழியில் சாலை தண்ணீரில் மூழ்கியதால் நின்றுபோயிருந்தது.

கார்குழலி வந்தது அதற்கு மறுநாள். கத்திவாக்கத்துக்காரி, ஐரீனைவிட வயதில் இளையவள். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலைக் கூடையைப் பல்லில் கவ்வியபடி கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து வளர்ந்தவள். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் சேரச் சேர, தடவிய கைக்கு இறால் அகப்படுவது குறைந்துகொண்டே போனது. கூட இறங்கிய பெண்கள் வீட்டு வேலைக்கும் கம்பெனி கூட்டுகிற வேலைக்கும் போனார்கள். கார்குழலிக்குத் தண்ணீரை விட்டுப் போக மனமில்லை. புருஷனுடைய ஃபைபர் படகில் இருந்த பங்கை விற்றுவிட்டு முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். இது அவளுடைய முதல் வளர்ப்பு. இது செத்தால் அடுத்த வளர்ப்பு என்று ஒன்று கிடையாது.

வந்தவள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். உள்ளே குட்டையின் அடிமண். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது.

"யக்கா, ரெண்டு நாளா விடிகாலைல பூரா மேல வந்துடுதுங்கக்கா. மீசைய நீட்டிகினு கரையோரமா வந்து நிக்குதுங்க. பாக்கவே ஒரு மாரி கீது. பிச்சை கேக்குற மாரி."

"ஏரேட்டர் ஓடுதா?" தண்ணீரை அடித்துக் காற்று கலக்கும் சக்கரத்தைத்தான் ஐரீன் கேட்டாள்.

"ஓடிகினேதான் கீது. வெயிலே இல்லியேக்கா. மானம் மூடிகினு கீது. கீழ சேறு வேற கலீஜாப் பூட்ச்சு."

ஐரீன் மண்ணைக் கண்ணாடி வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மை மாதிரிக் கறுப்பு. "கீற சரக்கு இவ்ளோதான். தூளா அப்படியே வீசினா பத்தாது. பெருக்கிக் குடுக்கணும். ஒங்கிட்ட நல்ல தண்ணி கீதா?"

"அங்க ஏதுக்கா நல்ல தண்ணி? குடிக்கவே கேன் வாங்குறோம்."

"அப்ப நானே இங்க எழுப்பித் தரேன். நாளன்னிக்குக் காலைல கேன் எடுத்துகினு வா. அதுவரைக்கும் தீனியக் கொற. பாதி போடு. மானம் தெளிஞ்சி வெயில் வந்தப்பறம்தான் ஊத்தணும், ஞாபகம் வெச்சிக்க. இதுங்களும் மூச்சு வுடும் இல்ல? இருட்டோட ஊத்துனா இறாலுக்குக் கீற காத்தையும் இதுங்க இழுத்துக்கும்."

கார்குழலி மிச்சமிருந்த கூடையை எட்டிப் பார்த்தாள். "இத்துனூண்டுதானா யக்கா?"

"எழுந்தா இத்துனூண்டா இருக்காது."

முற்றத்தில் ஒரு பெரிய நீல டிரம் இருந்தது. கார்குழலி போன கொஞ்ச நேரத்தில் லாரித் தண்ணீர் வந்ததும் ஐரீன் அதை நிரப்பி, மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். லாரித் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் இருக்கும். குடிக்கிறவர்களுக்கு அது காவல். அவளுடைய தூக்கக்காரர்களுக்கு எமன். பகல் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் தானாகக் காற்றில் போய்விடும். அன்றைக்கு அதிர்ஷ்டம், மேகம் விலகி மத்தியானம் நல்ல வெயிலும் அடித்தது. வானம் டிரம்முக்குள் வட்டமாக இறங்கிக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு காக்கை அந்த வட்டத்துக்குள் பறந்து போயிற்று. அதன் பின்னால் நிதானமாக ஒரு மேகம்.

சாயங்காலம் ஜோபின் வந்தான். ஐரீன் உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். முற்றத்தில் டிரம் திறந்து கிடப்பதை அவன் பார்த்தான்.

வடசென்னையில் எந்த வீட்டிலும் தண்ணீர் டிரம் திறந்து கிடக்காது. திறந்து கிடந்தால் கொசு முட்டை வைக்கும், தூசி விழும், பக்கத்து வீட்டுக்காரி என்ன குடித்தனம் என்று கேட்பாள். மழைக்காலம் வந்தால் வீடு வீடாகக் குளோரின் மாத்திரை கொடுத்துப் போவார்கள். டிரம்மில் ஒன்றைப் போட்டு மூடிவைப்பது பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம். அன்று காலை வாங்கிய மாத்திரைகள் ஜோபினின் சட்டைப் பையிலேயே இருந்தன. அவன் அவற்றை எடுத்தான். டிரம்மின் அளவைப் பார்த்தான். பார்த்துத் தாராளமாகவே போட்டான். மூடியைத் தேடி எடுத்துத் துடைத்து இறுக்கமாகத் திருகினான். செய்ததைச் சொல்லவும் இல்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. மூடியிருந்த டிரம்மைப் பார்த்த ஐரீன், மழைக்காக ஷாகுல் பாய் மூடியிருப்பார், நல்லதுதான், நேற்றே ஒரு பகல் வெயில் பட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். மூடியைத் திருகித் திறந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவள் எதையும் முகராமல் செய்கிறவள் இல்லை. தண்ணீர், தண்ணீரின் வாசனையோடுதான் இருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றினாள். தவிடு சேர்த்தாள். முகமூடி கட்டி, கையுறை மாட்டி, கூடையிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூளை மெல்லத் தூவினாள். தூள் கொஞ்ச நேரம் மிதந்து, நிறம் மாறி, யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது. மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பின் குழாயை அடியில் விட்டாள். குமிழிகள் வரிசையாக ஏறத் தொடங்கின. மேலே தகரத்தைச் சாய்த்து மழைக்கு மறைப்புக் கட்டினாள். கடைசிப் பொட்டலத்தை உதறும்போது, "எழுந்திரிங்கப்பா" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

அடுத்த நாள் விடியலிலேயே வந்துவிட்டாள். கூடவே ஜோபினும் வந்தான். கேன்களைத் தூக்க ஆள் வேண்டும் என்று அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். டிரம்மில் நுரை பொங்கியிருக்க வேண்டும். பழைய தோசை மாவின் புளிப்பு வாசனை சந்து முனைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். நேற்றுக் கரைத்த வெல்லத் தண்ணீர் அப்படியே இருந்தது. குமிழி ஏறியது, உடைந்தது. தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பு இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவள். குனிந்து மறுபடி மறுபடி முகர்ந்தாள். வெறும் இனிப்பு.

"இன்னாமே?" என்றான் ஜோபின்.

"எழுந்திரிக்கல."

"குளுருக்குத் தூங்குதோ இன்னாமோ."

அவள் பதில் சொல்வதற்குள் சந்தில் ஆட்டோ வந்து நின்றது. கார்குழலி காலி கேன்களோடு இறங்கினாள். சேலை முழங்கால் வரை ஈரம். இரவு முழுக்கக் கரையில் இருந்திருக்கிறாள். டிரம்மின் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, ஆஸ்பத்திரி மாரி நாறுது? குளோரின் மாத்தர போட்டியா?"

ஐரீன் தலையைத் தூக்கினாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் ஜோபின் பதில் சொன்னான். அவன் முகத்தில் இன்னும் பெருமை கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நாந்தான் போட்டேன். மூடாம வெச்சிட்டுப் பூட்டா ஐரீனு. டிரம்மு பெருசா கீதேன்னு ஒரு கை நெறயப் போட்டு ஷோக்கா மூடி..." சொல்லிக்கொண்டே வந்தவன் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து நிறுத்தினான். "இன்னா? தப்பா?"

சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. டிரம்மில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி அடங்கியது.

"மொத்தமும் போட்டியாக்கா?" என்றாள் கார்குழலி.

"மொத்தமும்."

"ஒண்ணு ரெண்டாவது உசுரோட இருக்காதா? சொம்மா ஊத்திப் பாக்கலாமே. நான் வெறுங்கையோட எப்டிப் போவேன்?"

ஐரீன் உடனே வேண்டாம் என்று தலையாட்டினாள். அது கேட்பவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் ஆட்டினாள். "குளோரினும் வெல்லமும்தான் இதுல கீது. ஊத்துனா கீழ கீறது இன்னும் அழுகும். நான் குடுக்கமாட்டேன், கார்குழலி."

"நீயே மோந்து பாத்திருக்கலாமே யக்கா!"

"மோந்துதான் பாத்தேன்." ஐரீன் தன் கைகளைப் பார்த்தாள். "எனக்கு அது தெரியல. ஷெட்டுல இருந்ததுல... தெரியாமப் பூட்ச்சு போல. இப்பதான் எனக்கே தெரியுது."

கார்குழலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜோபின் பக்கம் திரும்பினாள். "யோவ் அண்ணா, ஒன்னைய யாருய்யா தண்ணிக்கு வைத்தியம் பாக்கச் சொன்னது? எங்குட்டைக்கும் ஒரு மாத்தர போட்டு மூடிட்டுப் போயேன், ஒரே வேலையாப் பூடும்!"

ஜோபின் டிரம்மைச் சாய்க்கப் போனான்; ஐரீன் கையைப் பிடித்துத் தடுத்தாள். "அப்பால பாத்துக்கலாம். வண்டிய எடு, குட்டைக்குப் போவோம்."

முகத்துவாரத்துக்கு வடக்கே எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. வானம், தண்ணீர், தூரத்துப் புகைபோக்கிகள், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குட்டையின் கரையில் நின்று பார்த்தபோது, தண்ணீர் விளிம்பில் நூல் நூலாக மீசைகள். ஆயிரக்கணக்கில். ஏரேட்டர் சக்கரம் சுற்றுகிற இடத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சத்தமே இல்லை. ஐரீன் குந்தி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கையில் எத்தனையோ இறால் போயிருக்கிறது. ஒன்றுகூட அசைந்ததில்லை. இவை அவளைப் பார்த்துக் கால்களை அசைத்துக்கொண்டிருந்தன.

கார்குழலி கரையில் ஒரு சுற்று நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"கழிமொகத்துல வெள்ளம் வத்துனா பள்ளத்துல இறால் நெருக்கிகினு கெடக்கும். பாதியப் புடிச்சிட்டா மீதி பொழைச்சிக்கும், பாத்திருக்கேன். கூட்டம் கொறஞ்சா காத்து பத்தும். இப்பவே பாதிய வாரிடலாம்."

"இன்னும் வளரலியே," என்றான் ஜோபின், தயங்கி. "ஏலத்துல பொடிசுன்னு சொல்லுவானுங்கோ."

"சொல்லட்டும். மொத்தமும் மெதந்தா இன்னா சொல்லுவானுங்க?" அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "அண்ணா, நீ பொட்டியும் ஐஸும் எடுத்துகினு வா. பொட்டில எவ்ளோ வேணா ப்ளீச்சிங் போட்டுக் கழுவிக்க. அங்க ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

ஜோபின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காசிமேட்டுக்குப் பறந்தான். கார்குழலி செல்போனில் நாலு பேரைக் கூப்பிட்டாள். முன்பு அவளோடு கழிமுகத்தில் இறங்கிய பெண்களில் அன்று வேலைக்குப் போகாதவர்கள் வீச்சுவலைகளோடு வந்தார்கள். ஏரேட்டரை நிறுத்தாமலே, ஓரமாக ஒதுங்கி வலை வீசினார்கள். வலை விரிந்து வட்டமாகத் தண்ணீரில் விழும் சத்தம், மழை திடீரென்று ஒரே இடத்தில் பெய்து நின்றது போல. ஐரீன் வலை வீசத் தெரியாதவள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இழுத்த வலையைத் தூக்கிப் பிடித்து, இறாலைக் கூடைக்குள் உதறினாள். அவை கையில் துள்ளின, மணிக்கட்டில் அடித்தன, கண்ணாடி உடம்புக்குள் குடல் ஒரு கோடாகத் தெரிந்தது. காலடியில் சேறு வழுக்கியது. அந்தக் கறுப்புச் சேற்றின் சூட்டை அவள் பாதம் உணர்ந்தது.

"யக்கா, மெதுவா! நீ இன்னா உரிக்கவா போற?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலியும் சிரித்தாள், அழுத முகத்தோடு.

ஜோபின் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்த பெட்டிகள் வெள்ளையாக மின்னின. நொறுக்கிய ஐஸைப் பரப்பி, இறாலைப் பரப்பி, மேலே மறுபடி ஐஸ் போட்டு, அடுக்கினான். வெயில் ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஏலத்தில் பொடிசு என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. சரக்கு சுத்தம் என்று ஒரு வியாபாரி சொன்னதை ஜோபின் வீட்டுக்கு வந்தும் ஐரீனிடம் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்குத் தொட அவனுக்கு மனம் வரவில்லை.

குட்டையில் மீதி இருந்தவை மறுநாளும் மேலே வந்தன, கொஞ்சம்தான். ஒரு மூலையில் சில செத்தும் ஒதுங்கியிருந்தன. கார்குழலி அவற்றை வாரி வெளியே போட்டாள். தீனியை அடியோடு நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது, ஐரீனுக்கும் தெரியாது. நெல்லூர்ச் சாலையில் தண்ணீர் வடிந்து லோடு வந்து சேரும்வரை ஐரீன் காலி பலகைகளுக்கு நடுவே நடந்தாள். யாரும் உறங்காத கிடங்கில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்பதுகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

லோடு வந்த அன்றே டிரம்மைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, திறந்து வைத்தாள். இந்த முறை தன் மூக்கை நம்பவில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து குளோரின் இருந்தால் தாங்காத சின்னக் கப்பி மீன் ஒன்றை வாங்கி வந்து, டிரம் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து அதில் விட்டாள். டம்ளர் ஜன்னலோரம் இருந்தது. மீன் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு வெயிலுக்குள்ளும் நிழலுக்குள்ளும் போய் வந்தது. பொழுது சாய்ந்த பிறகும் அது போய் வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் வந்த ஜோபின், முற்றத்தில் கால் வைக்காமல் சந்திலேயே நின்றான்.

"உள்ள வாய்யா."

"வேணாம். இங்கயே நிக்கிறேன். என் சட்டைப் பாக்கெட்ட வேணா வந்து பாத்துக்க."

மறுநாள் காலை வெல்லமும் தூளும் போட்டாள்; அதற்கு அடுத்த நாள் டிரம் பொங்கியது. புளித்த வாசனை சந்து தாண்டிச் சாலைக்கு வந்தது. டீக்கடைக்காரர் யார் வீட்டில் மாவு பொங்கி வழிகிறது என்று கேட்டார். கேனில் ஊற்றியும் ஐரீன் மூடியை இறுக்கவில்லை. உள்ளே மூச்சுவிடுகிறவர்களை இறுக்கி மூடினால் கேன் வெடிக்கும். மடியில் அணைத்தபடி ஆட்டோவில் கொண்டுபோனாள். வெயில் ஏறிய பிறகு, ஏரேட்டர் முழு வேகத்தில் சுற்ற, கார்குழலி தெர்மோகோல் தெப்பத்தில் உட்கார்ந்து மொண்டு மொண்டு வீசினாள். பழுப்பு நீர் விசிறிபோல் விழுந்து, மேகம் மாதிரி விரிந்து, மெல்ல அடிக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த ஒரு விடியலில் மூவரும் கரையில் நின்றார்கள். பனி குட்டையின் மேல் படுத்திருந்தது. சக்கரம் சுற்றும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது. கார்குழலி குனிந்து விளிம்பு நெடுகிலும் பார்த்துக்கொண்டே போனாள். அந்த மூலை வரை போய்த் திரும்பி வந்தாள். மீசை ஏதும் தெரிகிறதா என்று கேட்க ஐரீனுக்குப் பயமாக இருந்தது.

கார்குழலி கயிற்றைப் பிடித்து இறாலின் நிலை பார்க்க அடியில் போட்டிருந்த, வலை கட்டிய சோதனைத் தட்டை மெதுவாக இழுத்தாள். தட்டு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் வலைக்குள் ஏழெட்டு இறால் ஒரே நேரத்தில் துள்ளின. ஒன்று எகிறி ஜோபினின் சட்டையில் அடித்துத் திரும்பத் தண்ணீரில் விழுந்தது.

"எல்லாம் கீழதான்க்கா கீது," என்றாள் கார்குழலி. தட்டை மறுபடி அடியில் இறக்கிவிட்டு, தீனி மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்தாள்.